கணிப்பொறியின் வாசலில்

பத்தாம் வகுப்பு மாணவி, மில்லர்புரம், தூத்துக்குடி



சென்ற மே மாதத்தில் ஒரு காலை வேளை. மில்லர்புரத்தில் எங்கள் தெருவிலுள்ள ஒரு வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் ஒரே ஒரு கைபேசியைச் சுற்றி நின்றோம். அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாள். எங்களுக்கு ஓராண்டு மூத்த அக்காள் ஒருத்தி, தன் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். திரையிலே ஒரு சிறு வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. "இன்னொரு தடவை அழுத்தும்மா" என்றார் அவளுடைய அப்பா. அழுத்தினாள். "நான் என் போன்ல பாக்கேன்" என்று மாமா தம் கைபேசியை எடுத்தார். சித்தியும் எடுத்தார். இப்போது மூன்று வட்டங்கள் சுழன்றன. அம்மா மட்டும் உள்ளே போய்ப் பனிமய மாதா படத்தின் முன் நின்றுவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து மதிப்பெண் வந்தது. நல்ல மதிப்பெண்தான். ஆயினும் அந்த முக்கால் மணியில் அக்காளின் முகம் வெளுத்ததை நாங்கள் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு அத்திண்ணையில் நிற்கப் போவது நாங்கள் அல்லவா?

"அவள் அனுப்பிய கேள்வி அவ்வளவு நேரமும் எங்கே இருந்தது, சிஸ்டர்?" என்று எங்கள் அறிவியல் ஆசிரியையைக் கேட்டோம். "படித்துத் தெரிந்துகொண்டு ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அதனால் விளைந்ததே இக்கட்டுரை.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். கேள்வி வழியிலே மெதுவாக நடந்துகொண்டிருந்ததா? இல்லை. கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நம் தூத்துக்குடியிலிருந்து கொழும்பை அடுத்த மவுண்ட் லவினியா வரை, 2006-ஆம் ஆண்டில் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாம் நிறுவனமும் சேர்ந்து கடலடியில் ஓர் இழைக்கம்பி போட்டன. முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தை ஒளி கடக்க, ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆகாது. ஆகவே காலத்தை விழுங்குவது பயணம் அன்று; போய்ச் சேர்ந்த இடத்தில் வாசலில் நிற்பதுதான்.

அந்த வாசலைப் புரிந்துகொள்ள நம் கடற்கரைக்கே செல்வோம். தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. புதிய துறைமுகம் வருமுன் பெரிய கப்பல்கள் கரையை அணுக முடியாமல் சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். தோணிகள் சென்று சரக்கை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும். (1974 ஜூலை 11-இல்தான் நமது துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.) கப்பல் வந்த அன்றே வியாபாரியின் வண்டி வந்து நிற்குமா? நிற்காது. வண்டி வரும் வேகம் வேறு, தோணி வரும் வேகம் வேறு. இரண்டுக்கும் நடுவே கரையில் ஒரு கிடங்கு வேண்டும். கிடங்கு சிறியதாயின் சரக்கு மணலில் கிடக்கும். கிடங்கு நிறைந்திருப்பதை அறியாமல் தோணிகள் மேலும் மேலும் வந்தால் கரையே அடைபட்டுப் போகும்.

கணிப்பொறியிலும் இவ்வாறு ஒரு கிடங்கு உண்டு. ஆங்கிலத்தில் அதைப் பஃபர் என்பர். கணிப்பொறித் தமிழில் இடையகம் என்று வழங்குகிறார்கள். வருவதை வாங்கி வைக்கும் இடையகத்தைக் காவல் காப்பது இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் கெர்னல் என்னும் பகுதி. கெர்னல் என்ற சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது பொருளாம். நாம் அதைக் கருவகம் என்போம். நாம் பார்க்கும் திரை, படம், எழுத்து எல்லாம் மேலோடு. நினைவகத்தைப் பங்கிடுவதும், கருவிகளோடு பேசுவதும், எந்த நிரல் எப்போது ஓடவேண்டும் என்று முடிவு செய்வதும் இந்தக் கருவகமே.

இனி ஒரு செய்தி வந்து சேரும் விதத்தைப் பார்ப்போம். வலையில் எதுவும் முழுதாக வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகவே வருகிறது. ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட்டுக்கு மேற்படாது. அதில் முகவரி முதலியவற்றுக்குக் குறைந்தது 40 பைட்டு போய்விடும். மிச்சம் 1460. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். 'க' என்றால் மூன்று. 'கா' என்றால் துணைக்காலையும் சேர்த்து ஆறு. ஆக ஒரு பொட்டலத்தில் ஏறக்குறைய 480 தமிழ்க் குறிகள் அடங்கும். இந்தக் கட்டுரையை அனுப்பப் பல பொட்டலங்கள் வேண்டும்!

விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள கம்பியில் முழு அளவுப் பொட்டலங்கள் விநாடிக்கு 81,000 வரை வரலாம். மிகச் சிறிய பொட்டலங்களாயின் ஏறத்தாழ 14,88,000 வரலாம். கணிப்பொறியின் வாசலில் நின்று இவற்றை வாங்குவது நெட்வொர்க் கார்டு. கருவகம் முன்கூட்டியே நினைவகத்தில் வெற்றுப் பெட்டிகளை ஒதுக்கி, அவற்றின் முகவரிகளை ஒரு வளையம்போல் வரிசைப்படுத்திக் கார்டிடம் கொடுத்துவிடுகிறது. கார்டு யாரையும் கேளாமல், வந்த பொட்டலத்தை அடுத்த வெற்றுப் பெட்டியில் தானே எழுதிவிடும். கருவகம் பின்னாலேயே வந்து பெட்டியைக் காலி செய்து திருப்பிக் கொடுக்கும். முன்னே ஒருத்தி கோலமிட்டுச் செல்ல, பின்னே ஒருத்தி அழித்துக்கொண்டே வருவது போல! கோலமிடுகிறவள் ஒரு சுற்றுச் சுற்றி அழிப்பவளின் முதுகைத் தொட்டுவிட்டால், கோலமிட இடமில்லை. அந்நிலையில் வரும் பொட்டலம் கைவிடப்படும்.

வளையத்தில் எத்தனை பெட்டிகள்? பல கார்டுகளில் 256 அல்லது 512. முழு அளவுப் பொட்டலங்கள் இடைவிடாது வந்தால் 256 பெட்டிகளும் நிரம்ப ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கே ஆகும். கருவகம் அவ்வளவு நேரம் வேறு வேலையில் இருந்துவிட்டால் போதும், வாசல் அடைபட்டுவிடும்.

அப்படியானால் பொட்டலம் வந்ததைக் கருவகம் எப்படி அறியும்? கார்டு மணியடிக்கும். இதைக் குறுக்கீடு என்பர். மணி கேட்டதும் மையச் செயலகம் தன் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். மிகவும் பணிவான ஏற்பாடு என்று முதலில் நாங்களும் எண்ணினோம். அதிலுள்ள கேடு ஒரு விளையாட்டிலேதான் எங்களுக்குப் புரிந்தது.

ஒருநாள் கடைசிப் பாடவேளையில் சிஸ்டரின் கைமணியை இரவல் வாங்கினோம். வகுப்பறை வாசலில் சாக்கட்டியால் எட்டுக் கட்டங்களை வட்டமாக வரைந்தோம். ஒருத்தி கார்டு, அவள் கையில் மணி. ஒருத்தி கருவகம். இருவர் நிரல்கள், சீட்டு வந்தால் அதிலுள்ள கணக்கைப் போட்டுக் கொடுப்பது அவர்கள் வேலை. மற்றவர்கள் வெளியிலிருந்து சீட்டு அனுப்புவோர். முதல் ஆட்டத்தின் விதி இது: ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மணி. மணி அடித்தால் கருவகம் எங்கிருந்தாலும் ஓடிவந்து சீட்டை எடுத்துத் தன் மேசைமீதுள்ள கூடையில் போட வேண்டும். மணி ஓய்ந்த நேரத்தில் கூடையிலிருந்து எடுத்து நிரல்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

சீட்டு மெதுவாக வந்தவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. வேகமாக அனுப்பத் தொடங்கினோம். மணி ஓயவில்லை. கருவகமாக இருந்தவள் வாசலுக்கும் கூடைக்குமாக ஓடினாள். இரட்டைப் பின்னல் அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்காமல் ஓடினாள். கூடை நிரம்பிச் சீட்டுகள் தரையில் கொட்டின. நிரல்களாக இருந்த இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, "எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே!" என்று உட்கார்ந்திருந்தனர். பார்த்தீர்களா? சோம்பல் எங்கும் இல்லை. ஓட்டம் குறையவில்லை. ஆனால் ஒரு கணக்குகூட முடியவில்லை.

இதற்கு ஆங்கிலத்தில் லைவ்லாக் என்று பெயர். உயிரோடு ஓடிக்கொண்டே முடங்கிப் போதல் என்று சொல்லலாம். இதை ஆராய்ந்து மருந்து சொன்னவர்களுள் ஒருவர் நம் நாட்டில் படித்தவர் என்பது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற கே. கே. ராமகிருஷ்ணனும், ஜெஃப்ரி மோகல் என்பவரும் சேர்ந்து 1996-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். பொட்டலங்கள் மிகுதியாக வரும்போது குறுக்கீடுகளே செயலகத்தின் நேரம் முழுவதையும் தின்றுவிடுவதை அவர்கள் காட்டினர். வரவு கூடக் கூட, உள்ளே சென்று பயன்படுவது கூடாமல் குறைந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகலாம்!

அவர்கள் சொன்ன மருந்து என்ன? முதல் மணி அடித்ததும் மணியின் வாயைக் கட்டிவிடு. பிறகு நீயே வாசலுக்குப் போய் இருப்பதை எடு. ஆனால் ஒரு தடவைக்கு இத்தனைதான் என்று அளவு வைத்துக்கொள். எடுத்தவற்றைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மறுபடி வா. வாசல் காலியானால் மணியின் கட்டை அவிழ். இடமில்லாமல் கைவிட்டே தீரவேண்டுமானால், அதை வாசலிலேயே, உன் உழைப்பு ஏதும் அதன்மேல் செலவாகுமுன்பே கைவிடு.

இந்தக் கடைசி வரியைப் பலமுறை படித்தோம். எங்கள் முதல் ஆட்டத்தில் தரையில் கொட்டிய சீட்டு ஒவ்வொன்றுக்கும் கருவகம் வாசல்வரை ஓடி உழைத்திருந்தாள். அவ்வளவும் வீண். இரண்டாம் ஆட்டத்தில் புதிய விதிப்படி மணியைக் கருவகமே பிடுங்கிக்கொண்டாள். ஒரு நடைக்கு ஐந்து சீட்டு என்று எடுத்து நிரல்களிடம் சேர்த்துவிட்டுத் திரும்பினாள். அப்போதும் பல சீட்டுகள் கைவிடப்பட்டன. ஆனால் அவை கதவுக்கு வெளியே விழுந்தன. நிரல்கள் இருவரும் தலைநிமிராமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தனர். ஆட்டம் முடிந்து வகுப்பைப் பெருக்கியதும் நாங்களேதான், அதைச் சொல்லாவிட்டால் சிஸ்டர் கோபித்துக்கொள்வார்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவகத்தில் இம்முறையை ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்நெட்சோவ் என்னும் மூவர் புகுத்தி, 2001-இல் அதை விளக்கி எழுதினர். நேப்பி என்று அதற்குப் பெயர். எங்கள் ஐந்து சீட்டுக்குப் பதில் அங்கே ஒரு கார்டிடம் ஒரு நடைக்கு 64 பொட்டலம், எல்லாக் கார்டுகளும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 300 என்பது வழக்கமான அளவு. அதற்கு மேல் மீந்தால், மற்ற வேலைகளோடு முறைபோட்டுக் காத்திருந்து எடுத்துக்கொள்ளும்.

வளையத்திலிருந்து எடுத்த பொட்டலத்தை லினக்ஸ் ஓர் உறையோடு சேர்த்து வைக்கிறது. அவ்வுறையின் பெயர் எஸ்.கே. பஃப். (பெயரைக் கேட்டதும் பேக்கரிப் பஃப்ஸ் நினைவு வந்து சிரித்துவிட்டோம்.) பொட்டலம் மேலே செல்லச் செல்ல அதன் முகவரித் தாள்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். கருவகம் அவற்றைக் கிழித்து எறிவதில்லை. வேறு தாளில் பிரதி எடுப்பதும் இல்லை. "இனி இங்கிருந்து படி" என்று சுட்டுவிரலை மட்டும் நகர்த்தி வைக்கிறது. நல்ல சிக்கனம்!

அடுத்த தொட்டிக்கு வருவோம். ஒவ்வொரு தொடர்புக்கும் தனித்தனியே ஒரு வாங்கும் இடையகம் உண்டு. நிரல் வந்து படிக்கும்வரை செய்தி அதிலே காத்திருக்கும். நிரல் தூங்கிவிட்டால்? தொட்டி நிரம்பும். இங்கே டி.சி.பி. என்னும் ஒழுங்குமுறை ஓர் அழகான காரியம் செய்கிறது. பொட்டலம் கிடைத்தது என்று பதில் அனுப்பும் ஒவ்வொரு முறையும், "என்னிடம் இன்னும் இவ்வளவு பைட்டுக்கு இடம் உண்டு" என்று சேர்த்தே எழுதி அனுப்புகிறது. அனுப்புகிறவர் அந்த அளவுக்கு மேல் அனுப்பலாகாது. தொட்டி நிரம்பினால் 'பூஜ்யம்' என்று எழுதும். அனுப்புகிறவர் நிறுத்திக்கொள்வார். கிடங்கின் கூரையில் கொடி ஏற்றித் தோணிகளை நிறுத்தி வைப்பது போன்றது இது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தொட்டி காலியான பின் "இடம் இருக்கிறது, அனுப்பு" என்று எழுதிய கடிதம் வழியில் தொலைந்துவிட்டால் என்ன ஆகும்? நீ அனுப்புவாய் என்று நானும், நீ சொல்வாய் என்று நீயுமாக இருவரும் முடிவின்றிக் காத்திருப்போம். தோழியருக்குள் ஏற்படும் சண்டைகள் பல இப்படித்தான் நீளுகின்றன! ஆகையால் அனுப்புகிறவர் அவ்வப்போது ஒரு சிறு பொட்டலம் அனுப்பி, "இடம் வந்ததா?" என்று விசாரிக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. நிரல் ஒரே ஒரு பைட்டைப் படித்ததும், "ஒரு பைட்டுக்கு இடம்" என்று அறிவித்தால், எதிர்ப்பக்கம் அந்த ஒரு பைட்டுக்கு 40 பைட்டு முகவரி எழுதி அனுப்பும். ஒரு மிளகாய் வற்றலுக்கு ஒரு லாரி! டேவிட் கிளார்க் என்பவர் 1982-இலேயே இதைக் கண்டித்து எழுதினார். முழுப் பொட்டலம் ஒன்று கொள்ளும் இடமோ, தொட்டியில் பாதியோ காலியாகும் வரை வாய் திறக்காதே என்பது இன்றைய விதி.

தொட்டி எவ்வளவு பெரிதாய் இருக்க வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கைவிட எளியது. தொலைநாட்டுக் கணிப்பொறிக்குச் செய்தி போய்ப் பதில் திரும்ப 0.2 விநாடி ஆகிறது என்போம். கம்பியின் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட். பதில் திரும்பும் முன் கம்பியில் இறங்கக்கூடியது 20 மெகாபிட், அதாவது 25 இலட்சம் பைட்டு. அவ்வளவையும் வாங்கி வைக்க இடம் இருந்தால்தான் கம்பி முழுவதும் பயன்படும். பழைய டி.சி.பி.யில் இடத்தை அறிவிக்கும் கட்டம் மிகச் சிறியது. 65,535-க்கு மேல் எழுத முடியாது. அவ்வளவே இடம் என்றால் 0.2 விநாடிக்கு ஒருமுறை 65,535 பைட்டு. கணக்கிட்டால் விநாடிக்கு 2.6 மெகாபிட்தான். 100-க்குப் பணம் கட்டிவிட்டு 3-க்கும் குறைவாகப் பெறுவது! 1992-இல் அந்த எண்ணைப் பெருக்கிக் கொள்ளும் முறை வகுக்கப்பட்டது. லினக்ஸின் பல பதிப்புகள் வழக்கமான அமைப்பில் 1,31,072 பைட்டில் தொடங்கி, தேவை கண்டு தானாகவே 62,91,456 பைட்டு வரை வளர்த்துக்கொண்டன. வந்த எழுத்துகளை மட்டுமல்ல, அவற்றை வைத்திருக்கும் உறை, பெட்டி ஆகியவற்றின் இடத்தையும் சேர்த்தே கருவகம் கணக்கு வைக்கும். சிறிய பொட்டலம் பெரிய பெட்டியில் இருந்தால் பெட்டிக்கே வாடகை.

அப்படியானால் எல்லாருக்கும் பெரிய தொட்டியே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். பதினாயிரம் தொடர்புகள் ஒரே நேரத்தில் அந்த உச்ச அளவைக் கேட்டால் ஏறக்குறைய 63 கிகாபைட்டு நினைவகம் வாங்குவதற்கே போய்விடும். நிரல்கள் ஓட இடம் ஏது? ஆகவே எல்லாத் தொடர்புகளுக்கும் சேர்த்து ஒரு மொத்த வரம்பும் கருவகத்திடம் உண்டு. அது நெருங்கினால் எல்லாருடைய அளவையும் குறைக்கத் தொடங்கும்.

பொட்டலத்தைக் கைவிடுதல் என்று மேலே பலமுறை எழுதிவிட்டோம். படிக்கும்போது எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. யாரோ ஒருவர் அனுப்பியதை எறிந்துவிடுவது நியாயமா? பிறகு நம் ஊர்க் குளங்களை எண்ணிப் பார்த்தோம். தாமிரபரணிப் பாசனத்துக் குளங்களுக்குக் கலுங்கு வைத்துக் கட்டினார்கள் நம் முன்னோர். நிரம்பிய நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடும் இடம் அது. கொள்ளளவு மீறினால் எங்கே இழப்பது என்று முன்னரே முடிவு செய்து வைத்த அறிவு! 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கலுங்குகளால் தாங்க முடியாமல் பல குளங்களின் கரைகள் உடைந்தன. எங்கள் ஊர்த் தெருக்களில் நாட்கணக்காக நீர் நின்றது. கலுங்கு வழிவதற்கும் கரை உடைவதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் வயதுப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கைவிடத் தெரியாத கருவகம், நினைவகம் முழுவதும் நிரம்பிக் கணிப்பொறியையே சாய்த்துவிடும். கைவிடப்பட்ட பொட்டலத்தை டி.சி.பி. மறுபடி அனுப்பிவிடும். யு.டி.பி. என்னும் மற்றொரு முறையில் இடம் அறிவிப்பதும் இல்லை, மறுபடி அனுப்புவதும் இல்லை, போனது போனதுதான். வீடியோ அழைப்பில் ஒரு சொல் விட்டுப்போவது பெரும்பாலும் அதனால்தான். அரை நிமிடம் கழித்து அச்சொல் வந்து யாருக்கு என்ன பயன்?

கலுங்கு பாயுமுன்பே எச்சரிக்க முடியாதா என்ற கேள்விக்கும் விடை உண்டு. வழியில் நெரிசல் தொடங்கும்போதே பொட்டலத்தின்மேல் ஓர் அடையாளம் இட்டு அனுப்பும் முறையை 2001-இல் வகுத்த மூவருள் மேலே சொன்ன ராமகிருஷ்ணனும் ஒருவர்.

இப்போது திண்ணைக்குத் திரும்புவோம். தேர்வு முடிவு வழங்கும் ஒரு சர்வர். ஆயிரமாயிரம் பேர் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டுகிறார்கள். கருவகம் ஒவ்வொரு புதிய தொடர்பையும் ஏற்று ஒரு காத்திருப்பு வரிசையில் உட்கார வைக்கிறது. நிரல் ஒவ்வொருவராக உள்ளே அழைக்கிறது. டாக்டர் வீட்டு வாசலில் போட்ட பெஞ்சு போன்றது அவ்வரிசை. லினக்ஸில் அந்தப் பெஞ்சின் வழக்கமான உச்ச அளவு நெடுங்காலம் 128 ஆகவே இருந்தது; 2019-இல்தான் 4096 ஆக்கினார்கள். பெஞ்சு நிறைந்தால் புதிதாய் வருபவரைக் கருவகம் கண்டும் காணாததுபோல் விட்டுவிடும். கைபேசி, "என் பொட்டலம் தொலைந்தது போலும்" என்று எண்ணி மறுபடி அனுப்பும். டி.சி.பி.யின் வழக்கப்படி ஒரு விநாடி பொறுத்து, பிறகு இரண்டு, பிறகு நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். திரையில் வட்டம் சுழல்வது இதற்குத்தான்.

அந்த இடைவெளி இரட்டிப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் சென்ற செய்தி 40 பிட்டாகச் சுருங்கிப் போயிற்று. எண்ணூறில் ஒரு பங்கு! பதில் வராத கணிப்பொறிகள் பொறுமையின்றி மறுபடி மறுபடி அனுப்பியதே நெரிசலைப் பெருக்கிவிட்டது. வான் ஜேக்கப்சன் என்பவர் அதை ஆராய்ந்து, பொறுத்து அனுப்பும் முறைகளை வகுத்து 1988-இல் எழுதினார். ஆகவே இன்று கைபேசிக்குள் இருக்கும் கருவகத்துக்குப் பொறுமை உண்டு.

அக்காளின் அப்பாவுக்குத்தான் இல்லை! "இன்னொரு தடவை அழுத்தும்மா" என்றாரே, அப்போது என்ன நடந்திருக்கும்? கைபேசி பழைய தொடர்பைக் கைகழுவிவிட்டுப் புதியதைத் தொடங்கும். ஆனால் பழைய கேள்வி ஒருவேளை ஏற்கெனவே பெஞ்சில் இடம்பிடித்து, சர்வரின் இடையகத்தில் கிடக்கும். நிரல் அதை முறைப்படி எடுத்து, மதிப்பெண்ணைத் தேடிப் பக்கத்தைத் தயாரித்து அனுப்பும். வாங்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். எங்கள் முதல் ஆட்டத்தில் கூடையிலிருந்து கொட்டிய சீட்டுகளைப் போல உழைப்பு முழுவதும் வீண். மூன்று கைபேசிகளில் ஐந்தைந்து முறை அழுத்தியிருந்தால் பதினைந்து கேள்விகள். விடையோ ஒன்றே ஒன்று. மாநிலம் முழுவதும் எத்தனை திண்ணைகள்! பெஞ்சில் இருப்பவர்களுள் பாதிப்பேர் எழுந்து போனவர்களின் நிழல்களாயின், உண்மையில் காத்திருப்பவருக்கு எப்போது முறை வரும்?

இதைச் சொன்னபோது அக்காளின் அப்பா சற்று யோசித்துவிட்டு, "அப்ப மாதாகிட்ட போன உங்க அம்மாதான் சரியாச் செஞ்சிருக்கா" என்றார். அம்மா அதை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. எங்கள் கணிப்பொறிக் கூடத்தில் ஓர் இயந்திரத்தில் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அது 2007-இல் முதன்முதலில் வெளிவந்தது. அதன் உள்ளே இருப்பதும் மேலே சொன்ன அதே லினக்ஸ் கருவகம்தான். அதிலே கருவகம் தன் கணக்குகளை எழுதிக் காட்டும் 'புரோக்' என்னும் இடத்தில் 'நெட்', அதனுள் 'டெவ்' என்று ஒரு பக்கம் உண்டு. சிஸ்டரின் அனுமதி பெற்றுத் திறந்து பார்த்தோம். கார்டின் பெயர், வந்த பைட்டுகள், வந்த பொட்டலங்கள் என்று வரிசையாக எண்கள். 'ட்ராப்' என்ற பத்தியின் கீழே 17 என்றிருந்தது. காலையில் இயந்திரத்தை இயக்கியதிலிருந்து வாங்க முடியாமல் கைவிட்டவை பதினேழு. அவை யார் அனுப்பியவை, என்ன எழுதியிருந்தது என்று கருவகம் குறித்து வைப்பதில்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்திருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே கீழ் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த பாடவேளைக்கு வந்துவிட்டார்கள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக விழித்தன. மறுபடி அப்பக்கத்தைத் திறந்தோம். பொட்டலங்களின் எண்ணிக்கை வேகமாக ஏறியிருந்தது. 'ட்ராப்' இன்னும் 17.